றேஸ் காருக்கு றோல் பாரும் பாதுகாப்புச் சாமான்களும்: புதிதாக இறங்குவோருக்கு ஒரு விளக்கம்

கார் றேஸில் இறங்க ஆசைப்படும் யாழ்ப்பாணத்து இளையோர் முதலில் கேட்பது, "றோல் கேஜ் அடிக்க எவ்வளவு முடியும்?" என்பதுதான். (கார் உருண்டாலும் ஆள் நசுங்காமல் இருக்க உள்ளே அடிக்கும் பைப் கூடுதான் றோல் கேஜ்.) அடுத்த கேள்வி, "எங்கட கேற் ஒட்டுற கடையிலயே அடிக்கலாமோ?" கேட்பதில் பிழை எதுவும் இல்லை. குடாநாட்டில் நமக்கென்று ஓர் ஓடுபாதை கிடையாது. சாலியபுரவில் நடக்கும் கஜபா சுப்பர் குறோஸ், மின்னேரியாவின் கன்னர்ஸ், தியத்தலாவையின் பொக்ஸ் ஹில், நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றம் என எதற்குப் போவதென்றாலும் ஏ9 வீதியால் கீழே இறங்கத்தான் வேண்டும். றேஸ் கார் கட்டிப் பழகிய கராஜ்களும் பெரும்பாலும் கொழும்புப் பக்கமே. ஆகவே இங்கே கார் கட்டுபவர்கள் வீடியோவில் பார்த்ததையும், போட்டிக்குப் போன இடத்தில் எட்டிப் பார்த்ததையும் வைத்துத் தொடங்குகிறார்கள். எட்டிப் பார்ப்பவருக்கு முதலில் தெரிவது பைப். அதனால்தான் பேச்சு எப்போதும் பைப்பிலிருந்தே ஆரம்பிக்கிறது.

நான் சொல்லவருவது ஒன்றுதான். ஓட்டுபவரின் உடம்பிலிருந்து தொடங்குங்கள். தலை, கழுத்து, தோள், இடுப்பு ஆகியவை காருக்குள் எங்கே இருக்கப்போகின்றன என்பது முடிவான பிறகுதான் பைப்பை அளக்கவேண்டும். இந்த ஒழுங்கு மாறினால், நல்ல சாமானுக்குக் கொட்டிய காசே ஆளுக்கு எதிராக வேலை செய்யும்.

மோதும்போது என்ன நடக்கிறது

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார் ஓடுபாதை ஓரத்து மண் அணையில் மோதி, அரை மீற்றர் தூரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால், காருக்குள் இருப்பவர் புவியீர்ப்பைப்போல ஏறத்தாழ 20 மடங்கு விசையைத் தாங்கவேண்டியிருக்கும். 70 கிலோ எடையுள்ள ஆளை அந்தக் கணத்தில் 1400 கிலோ அளவு பாரம் முன்னால் இழுக்கும். தலையும் ஹெல்மெற்றும் சேர்ந்து ஆறரைக் கிலோ என்றால், கழுத்தில் விழும் இழுவை 130 கிலோ. இது 50 கிலோமீற்றருக்கான கணக்கு. வேகம் இரட்டித்தால் சக்தி நான்கு மடங்காகும்.

இந்த நிலையில் ஆள் தப்புவதற்கு நான்கு காரியங்கள் நடக்கவேண்டும். அவர் இருக்கும் இடம் நசுங்கக்கூடாது. அது கேஜின் வேலை. அவர் அந்த இடத்தை விட்டு எறியப்படக்கூடாது. அது சீற்றினதும் பெல்ற்றினதும் வேலை. தலை உடம்பை விட்டுத் தனியாகப் பறக்கக்கூடாது. அது ஹெல்மெற்றும் ஹான்ஸ் என்ற கழுத்துக் கருவியும் பார்க்கவேண்டிய வேலை. கார் நின்ற பிறகு இறங்குவதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைத் தருபவை தீ தாங்கும் உடுப்பும் தீயணைப்பானும்.

இவை ஒன்றையொன்று நம்பியிருப்பதைப் புரிந்துகொள்வதுதான் முக்கியம். றோல் பார் போட்டுவிட்டு, கார் வரும்போதே இருந்த சாதாரண மூன்று புள்ளி பெல்ற்றோடு ஓடினால், கார் உருளும்போது தலை போய் அடிபடுவது அந்தப் பைப்பில்தான். மறுபக்கம், நான்கு அல்லது ஆறு புள்ளி பெல்ற்றைப் போட்டுவிட்டு றோல் பார் போடாமல் ஓடினால், கூரை நசுங்கி இறங்கும்போது ஆள் பக்கவாட்டில் சாய்ந்து ஒதுங்கவும் முடியாது. பெல்ற் அவரை நிமிர்த்திப் பிடித்திருக்கும். "முதல்ல பெல்ற் மட்டும் போடுவம், பைப் பிறகு பாப்பம்" என்று பிரித்துச் செய்வது இதனால்தான் ஆபத்து.

றோல் பாரா, றோல் கேஜா

றோல் பார் என்பது சீற்றுக்குப் பின்னால் ஒரு பக்கத் தளத்திலிருந்து எழுந்து, கூரையை ஒட்டி வளைந்து, மறுபக்கத் தளத்துக்கு இறங்கும் ஒரே வளைவு. அதைப் பின்னாலிருந்து தாங்க இரண்டு கால்கள், நடுவே மூலைக்கு மூலை போகும் ஒரு குறுக்குப் பைப். இதற்கு முன்னால் கண்ணாடித் தூண்களை ஒட்டி இன்னொரு வளைவும், கூரை ஓரமாக இணைப்புப் பைப்புகளும், கதவுப் பக்கத்துக்குப் பைப்புகளும் சேர்ந்தால் அது றோல் கேஜ். கூரையுள்ள காரில் சக்கரத்தோடு சக்கரம் உரச ஓடும் சுப்பர் குறோஸ் போன்ற போட்டிக்கு றோல் பார் மட்டும் போதாது என்பது என் கருத்து. பக்கவாட்டில் இன்னொரு கார் வந்து இடிப்பது அங்கே வழமை. கதவுத் தகட்டுக்கும் ஓட்டுபவரின் விலாவுக்கும் இடையில் இருப்பது சில அங்குலம் மட்டுமே.

குறுக்குப் பைப் எதற்கு? நம்மூர் இரும்புக் கேற்றைப் பாருங்கள். நாற்சதுரச் சட்டம் மட்டும் என்றால் சில வருடத்தில் மூலை சரிந்து தொங்கும். மூலைக்கு மூலை ஒரு பட்டம் போட்டால் சரியாது. கேஜிலும் அதே விதிதான். நான்கு பக்கச் சட்டம் தள்ளினால் சாயும், முக்கோணம் சாயாது. குறுக்குப் பைப் இல்லாத கேஜ் எவ்வளவு தடித்த பைப்பில் செய்தாலும் பக்கவாட்டு விசைக்கு மடியும். குறுக்குப் பைப்பின் நடுவில் வளைவு விடக்கூடாது, நேராகவே போகவேண்டும். பின் சீற்றில் ஆள் ஏற இடம் விடுவதற்காக அதை வளைப்பவர்கள் உண்டு. வளைத்தவுடனேயே அதன் பலன் போய்விட்டது.

பைப் தெரிவுதான் நம்மவர்கள் அதிகம் இடறும் இடம். உலக மோட்டார் விளையாட்டை நெறிப்படுத்தும் எஃப்.ஐ.ஏ. அமைப்பின் ஜே பின்னிணைப்பில் 253ஆம் பிரிவு இதற்கான அடிப்படை. அதன்படி சீற்றுக்குப் பின்னால் உள்ள பிரதான வளைவுக்கு 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிப்பும், அல்லது 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிப்பும் இருக்கவேண்டும். மற்றப் பாகங்களுக்கு 38க்கு 2.5 அல்லது 40க்கு 2. பைப் மூட்டுக் கோடு இல்லாத, குளிர் நிலையில் இழுத்துச் செய்த கார்பன் உருக்காக இருக்கவேண்டும். இழுவலிமை ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 350 நியூற்றனுக்குக் குறையக்கூடாது. கடையில் கேட்கும்போது "சீம்லெஸ்" என்று கேளுங்கள், கூடவே தரச்சான்றையும் கேளுங்கள்.

"தண்ணிப் பைப்பும் அதே மொத்தம்தானே?" என்று கேட்பார்கள். உண்மைதான். ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப்பின் வெளி விட்டம் 48 மி.மீ.க்குச் சற்று மேல், தடிப்பும் மூன்று மி.மீ.க்குக் கிட்ட வரும். பார்வைக்கு அதுவே பலமானதாகத் தெரியும். ஆனால் அது தண்ணீர் அழுத்தத்துக்காகச் செய்தது. நீளவாக்கில் ஒட்டிய மூட்டு அதில் உண்டு. வளைக்கும்போதோ நசுங்கும்போதோ அந்தக் கோட்டில் பிளக்கலாம். உருக்கின் வலிமையை உறுதி செய்யும் தாள் கிடைக்காது. மேலே பூசிய நாகம் வெல்டிங்குக்குள் போய்ப் பொந்து விடும். அதன் புகை வெல்டருக்குக் காய்ச்சலும் கொண்டுவரும். சைலன்சர் பைப் இன்னும் மோசம். தடிப்பு ஒன்றரை மி.மீ.கூட இராது, கடதாசிக் குழல் மாதிரி மடியும். அழகுக்காக விற்கும் பளபளப்பான அலுமினியம், ஸ்ரெயின்லெஸ் பார்களை அலங்காரமாக மட்டுமே எண்ணவேண்டும். குறோம்-மொலி நல்ல உருக்கு. ஆனால் அதை ஒட்டத் தேர்ந்த கை வேண்டும். முதல் காருக்கு அது தேவையில்லை.

வளைப்பது சூடாக்காமல் நடக்கவேண்டும். பைப்புக்குள் மணல் நிரப்பி, காஸ் விளக்கால் சிவக்கக் காய்ச்சி வளைக்கும் பழைய முறை உருக்கின் குணத்தையே மாற்றிவிடும். வளைவின் ஆரம், நடுக்கோட்டில் அளந்தால், பைப் விட்டத்தின் மூன்று மடங்குக்குக் குறையக்கூடாது. வளைந்த இடம் முட்டையாக அமுங்கினால், சிறிய விட்டம் பெரிய விட்டத்தின் பத்தில் ஒன்பது பங்குக்குக் குறையாமல் இருக்கவேண்டும். வேர்னியர் ஒன்று கையில் இருந்தால் இதையெல்லாம் நீங்களே அளக்கலாம்.

கடைசியில் எல்லாம் வெல்டிங்கில் வந்து நிற்கும். கேற் ஒட்டும் கடையிலேயே செய்யலாமோ என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: கடையை விட, மூட்டைப் பாருங்கள். பைப்பின் சுற்றளவு முழுவதும் ஒட்டியிருக்கவேண்டும். கூரைக்கு மிக அருகில் இருக்கும் மேல் மூட்டுகளுக்குக் கை போகாது. அங்கே கீழ்ப்பாதியை மட்டும் ஒட்டிவிட்டு விடுவதுதான் பரவலான குறை. தெரிந்தவர்கள் தளத்தில் தற்காலிகமாகத் துளை வெட்டி, கேஜை அதற்குள் இறக்கி, மேல் மூட்டுகளைச் சுற்றிவர ஒட்டிய பின் மேலே தூக்கிப் பெட்டித் தாங்கிகளில் நிறுத்துவார்கள். உங்கள் கராஜ்காரரிடம் "மேல் மூட்டை எப்பிடி அண்ணை ஒட்டுவியள்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலிலிருந்தே அவருக்கு இந்த வேலை தெரியுமா என்பது விளங்கிவிடும். இன்னொன்று: கேற் வேலையில் ஒட்டிய தழும்பைக் கிறைண்டரால் தேய்த்து மழுப்புவார்கள், பார்வைக்கு அழகு. கேஜில் அதைச் செய்ய விடாதீர்கள். தேய்த்தால் மூட்டின் பலம் குறையும், போட்டிக்கு முன் காரைப் பார்க்கும் பரிசோதகரும் மூட்டைப் பார்த்து மதிப்பிட முடியாது.

கேஜின் கால்கள் காரின் தகட்டில் நேரே ஊன்றக்கூடாது. காரின் தளத் தகடு ஒரு மி.மீ. அளவுதான், உருளும்போது பைப் அதைத் துளைத்துக்கொண்டு இறங்கிவிடும். வளைவுகளின் ஒவ்வொரு காலுக்கும் கீழே குறைந்தது 3 மி.மீ. தடிப்பும் 120 சதுர சென்ரிமீற்றர் பரப்பும் கொண்ட பிளேற் தகட்டோடு ஒட்டப்படவேண்டும். போல்ற் போட்டுப் பூட்டும் கேஜ் என்றால் பிரதான கால் ஒவ்வொன்றுக்கும் 8.8 தர எம்8 போல்ற் குறைந்தது மூன்று வேண்டும்.

குடாநாட்டுக்காரருக்கு இங்கே தனியாகச் சொல்லவேண்டிய விடயம் கறள். நம் கார்கள் கடற்காற்றில் வளர்கின்றன. காங்கேசன்துறையிலோ ஊர்காவற்றுறையிலோ பருத்தித்துறையிலோ பல வருடம் நின்ற போர்ட் லேசரையோ பழைய மஸ்டாவையோ மலிவாக வாங்கி றேஸ் கார் ஆக்க நினைக்கிறீர்கள் என்றால், பைப்புக்குக் காசு எடுத்துவைக்கும் முன் உள் விரிப்பு முழுவதையும் கழற்றுங்கள். கதவடிச் சட்டம், சீற் பூட்டும் இடம், பின் சக்கர வளைவின் உட்பக்கம் ஆகியவற்றைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கணீரென்ற ஒலி வரவேண்டும். மந்தமாக ஒலித்தாலோ, மேலே பூசிய புட்டி உதிர்ந்தாலோ, அங்கே கேஜின் காலை வைக்கமுடியாது. கறளை வெட்டியெடுத்துப் புதுத் தகடு ஒட்டுங்கள். அது முடியாத அளவுக்குப் பரவியிருந்தால் வேறு கார் பாருங்கள். பெயின்ற்றும் எஞ்சினும் பார்த்துக் கார் வாங்குவது வீதிக்குச் சரி; றேஸுக்கு முதலில் பார்க்கவேண்டியது தகடு. வெல்டிங் தொடங்கும் முன் பெற்றோல் தாங்கியைக் கழற்றி வெளியே வையுங்கள், பற்றரி இணைப்பையும் எடுத்துவிடுங்கள்.

ஹெல்மெற் தொடக்கூடிய தூரத்தில் உள்ள எல்லாப் பைப்புக்கும் கடினமான தடுப்பு உறை போடவேண்டும். ஏ.சி. பைப்புக்குச் சுற்றும் கறுப்பு ஸ்பொஞ்சைச் சுற்றிவிட்டுத் திருப்திப்படுபவர்கள் உண்டு. விரலால் அமத்தினாலே அது பைப்பைத் தொடும். தலை அடிபடும்போது அது இருப்பதும் இல்லாததும் ஒன்று. எஃப்.ஐ.ஏ. 8857-2001 என்று குறித்த உறையைத் தேடுங்கள். விரலுக்கு அது கல்லுப்போல இருக்கும்.

கேஜ் போட்ட காரை நாளாந்தம் வேலைக்கோ சந்தைக்கோ ஓட்டாதீர்கள். ஹெல்மெற் இல்லாத தலைக்கு அந்தப் பைப்புகள் எமன். சின்ன மோதலில்கூடத் தலை பக்கவாட்டில் அசைந்து பைப்பில் அடிபடலாம். ஒரே காரில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் ஏற்றி, றேஸும் ஓட நினைப்பவர் தயவுசெய்து இந்த இடத்தில் நின்று யோசிக்கவேண்டும்.

சீற்றும் பெல்ற்றும்

முதலில் பூட்டவேண்டியது சீற். ஓட்டப்போகும் ஆள், ஓட்டப்போகும் ஹெல்மெற்றோடு அதில் இருந்து, ஸ்ரியறிங்கும் பெடலும் எட்டுகிறதா என்று பார்த்த பிறகே பிரதான வளைவின் உயரத்தையும் இடத்தையும் குறிக்கவேண்டும். ஹெல்மெற்றின் உச்சிக்கு மேல் குறைந்தது 5 சென்ரிமீற்றர் இடைவெளி வேண்டும். உயரமான ஆள் என்றால் சீற்றைத் தாழ்த்துங்கள்.

சாயும் பிடி உள்ள சாதாரண சீற் றேஸுக்கு ஆகாது. பின்னாலிருந்து இடி விழுந்தால் அந்தப் பிடி முறிந்து சாயும். பின்மண்டைக்கு நேரே பிரதான வளைவு இருக்கிறது. ஒரே ஓடாக வார்த்த பக்கெற் சீற்தான் வேண்டும். எஃப்.ஐ.ஏ. 8855-1999 என்ற அடையாளம் உள்ள சீற்றுக்குச் செய்த நாளிலிருந்து 5 வருடம், 8862-2009 என்றதற்கு 10 வருடம் ஆயுள். சீற்றை நான்கு இடத்தில், 8 மி.மீ. போல்ற்றால், 3 மி.மீ.க்குக் குறையாத உருக்குத் தாங்கியில் பூட்டவேண்டும். முன்பின் நகர்த்தும் தண்டவாளத்தை எடுத்துவிடுவது நல்லது.

பெல்ற்றில் நான்கு புள்ளிக்கும் ஆறு புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பலர் விலையாக மட்டுமே பார்க்கிறார்கள். நான்கு புள்ளியில் இரண்டு தோள்பட்டி, இரண்டு இடுப்புப்பட்டி. மோதும்போது உடம்பு முன்னால் போக, தோள்பட்டிகள் இழுபட்டு, நடுக் கொளுவியை மேலே தூக்கும். இடுப்பெலும்பில் கிடந்த பட்டி வயிற்றுக்கு ஏறும். உடம்பு அதற்குக் கீழால் வழுக்கி இறங்கும். ஈரலும் குடலும் நசுங்குவது இப்படித்தான். கால்களுக்கு இடையால் வரும் இரண்டு பட்டிகள் கொளுவியைக் கீழே பிடித்து வைக்கின்றன. அதுதான் ஆறு புள்ளியின் பயன். இடுப்புப்பட்டி எப்போதும் இடுப்பெலும்பின் கீழ் விளிம்பில், தொடை மடியும் இடத்தில் கிடக்கவேண்டும். வயிற்றில் கிடந்தால் பிழை.

தோள்பட்டிகள் பின்னால் போகும் கோணத்தைக் கவனியுங்கள். தோளிலிருந்து கிட்டத்தட்ட மட்டமாகப் பின்னால் போய், பிரதான வளைவில் இதற்கென மட்டமாக ஒட்டிய பைப்பைச் சுற்றவேண்டும். கீழ்நோக்கிய சாய்வு 10 பாகைக்குள் இருந்தால் சிறப்பு. 45 பாகையைத் தாண்டவே கூடாது. பின் சீற் பெல்ற் பூட்டும் துளை வசதியாக இருக்கிறதென்று பட்டியைத் தோளிலிருந்து நேரே தளத்துக்கு இறக்கினால், மோதும் கணத்தில் அது முள்ளந்தண்டைக் கீழே அமத்தும். பூட்டும்போது முதலில் இடுப்பு, பிறகு கால்கள், கடைசியாகத் தோள் என்ற ஒழுங்கில் இறுக்குங்கள். இறுக்கியபின் பட்டிக்கும் உடம்புக்கும் இடையில் இடைவெளி இருக்கக்கூடாது. கிறவல் தூசி கொளுவிக்குள் போனால் அது இறுகிவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஊதித் துடையுங்கள்.

பெல்ற்றுக்கும் வயது உண்டு. எஃப்.ஐ.ஏ. 8853/98 என்ற பட்டியலில் வந்தவற்றுக்கு 5 வருடம், அமெரிக்காவின் எஸ்.எஃப்.ஐ. தர அமைப்பின் 16.1 அடையாளம் உள்ளதற்கு 2 வருடம். காலாவதி வருடம் பட்டியிலேயே தைத்திருக்கும். சூரிய ஒளி பட்டியின் நூலை உள்ளுக்குள் உக்கவைக்கும். நம் வெயிலில் கண்ணாடி வழியே நாள் முழுக்கக் காய்ந்த பட்டி வெளியே நிறம் மங்கியதாக மட்டுமே தெரியும். காரை நிறுத்தும்போது துணி போட்டு மூடுங்கள். பெரிய மோதல் ஒன்றைத் தாங்கிய பட்டி ஏற்கெனவே இழுபட்டிருக்கும், அதை மாற்றியே ஆகவேண்டும்.

தலையும் கழுத்தும்

2001 பெப்ரவரி 18 அன்று டேற்றோனா 500 போட்டியின் கடைசிச் சுற்றில், அமெரிக்காவின் புகழ்பெற்ற ஓட்டுநர் டேல் ஏர்ன்ஹார்ட் சுவரில் மோதி இறந்தார். பார்த்தவர்களுக்கு அது அவ்வளவு பயங்கரமான மோதலாகத் தெரியவில்லை. கார் பெரிதாகச் சிதறவில்லை. உடம்பைப் பெல்ற் பிடித்துக்கொள்ள, தலை முன்னால் பறந்து, மண்டையோட்டின் அடித்தளம் முறிந்தது. ஹெல்மெற் அணிந்திருந்தாலும் இந்த முறிவை அது தடுக்காது. ஹெல்மெற்றின் எடை இழுவையை இன்னும் கூட்டவே செய்யும்.

இதற்கான மருந்து அப்போதே இருந்தது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உயிரியந்திரவியல் பேராசிரியராக இருந்த ரொபேர்ட் ஹபார்ட், தன் மைத்துனரும் றேஸ் ஓட்டுநருமான ஜிம் டௌனிங்கோடு சேர்ந்து 1980களில் உருவாக்கிய கருவிதான் ஹான்ஸ். தோளில் நுகம்போல உட்காரும். தோள்பட்டிகள் அதன்மேல் போகும். இரண்டு சிறு நாடாக்கள் அதை ஹெல்மெற்றோடு இணைக்கும். தலை முன்னால் போகும்போது அந்த இழுவை கழுத்துக்குப் போகாமல் தோள்பட்டிக்குப் போகிறது. 2003இலிருந்து போர்முலா 1 இல் அது கட்டாயம். விலை கூடியதுதான். ஆனாலும் எஞ்சினுக்கு இன்னொரு பாகம் வாங்க வைத்திருக்கும் காசை இதற்குத் திருப்பும்படி யாரிடமும் மன்றாடத் தயாராக இருக்கிறேன். கழுத்தைச் சுற்றிக் கட்டும் ஸ்பொஞ்ச் வளையம் இந்த வேலையைச் செய்யாது. மூன்று புள்ளி பெல்ற்றோடு ஹான்ஸ் வேலை செய்யாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

ஹெல்மெற் விடயத்தில், வீட்டில் தொங்கும் மோட்டார்சைக்கிள் ஹெல்மெற்றை எடுத்துக்கொண்டு போகலாம் என்று தோன்றும். ஹெல்மெற்றுகளைச் சோதித்துத் தரச்சான்று தரும் ஸ்னெல் நிறுவனத்தின் எஸ்.ஏ. வரிசை காருக்கு, எம் வரிசை மோட்டார்சைக்கிளுக்கு. காருக்கானதில் உட்துணி தீப்பிடிக்காமல் இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப றோல் பாரில் அடிபடுவதுபோன்ற சோதனையும் உண்டு. மோட்டார்சைக்கிள் ஹெல்மெற்றுக்கு இரண்டும் இல்லை. எஸ்.ஏ. 2015, எஸ்.ஏ. 2020 ஹெல்மெற்றுகளில் ஹான்ஸ் பூட்டும் திருகு துளை செய்யும்போதே வைத்திருப்பார்கள். பழைய ஹெல்மெற்றை நீங்களாகத் துளைக்காதீர்கள்.

தீ

தீயைப் பற்றி விளங்கிக்கொள்ள 2020 நவம்பர் 29 போதும். பஹ்ரெயினில் போர்முலா 1 ஓட்டுநர் ரொமெயின் குரோஜானின் கார் தடுப்பு வேலியைப் பிளந்து இரண்டாகித் தீப்பிடித்தது. அரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான நேரம் அவர் அந்தத் தீக்குள் இருந்தார். கைகளில்தான் மோசமான எரிகாயம். உயிரோடு வெளியே வந்தார். உடுப்பு தந்தது அந்த அரை நிமிடத்தை.

நம்மவர்கள் வாங்கக்கூடிய உடுப்புகளில் இந்த நேரம் மிகக் குறைவு. எஸ்.எஃப்.ஐ. 3.2ஏ/1 என்ற ஒற்றைப் படை உடுப்பு இரண்டாம் நிலை எரிகாயம் வரும்வரை ஏறத்தாழ 3 வினாடி தரும், 3.2ஏ/5 ஏறத்தாழ 10 வினாடி. பெல்ற்றைக் கழற்றி, ஹான்ஸோடு ஜன்னலால் வெளியே வர 3 வினாடி காணாது. உடுப்புக்குள்ளே நைலோன், பொலியெஸ்ரர் பெனியன் போடவே கூடாது. அது உருகித் தோலோடு ஒட்டும். தீ தாங்கும் உள்ளுடுப்பு வாங்க முடியாவிட்டால் பருத்தியாவது போடுங்கள். கையுறையையும் சப்பாத்தையும் தலைக்குப் போடும் துணி முகமூடியையும் விட்டுவிடாதீர்கள். நம் நாட்டு வெக்கையில் இவ்வளவும் போட்டுக்கொண்டு வரிசையில் காத்திருப்பது கடினம். அதற்காக உடுப்பைக் குறைக்காமல், முறை வரும்வரை மேல்பாதியைக் கழற்றி இடுப்பில் கட்டி, நிழலில் இருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருங்கள்.

தீயணைப்பான் காருக்குள், பெல்ற் பூட்டிய நிலையில் கை எட்டும் இடத்தில் இருக்கவேண்டும். பவுடர் என்றால் 2 கிலோ. பிளாஸ்ரிக் பிடியில் வைத்தால் மோதும்போது அதுவே பறந்துவந்து ஆளை அடிக்கும். உலோகப் பட்டி இரண்டால் இறுக்குங்கள். மூடிய காருக்குள் பவுடர் அடித்தால் கண் தெரியாது, மூச்சும் முட்டும். வசதி இருந்தால் நுரை வகை நல்லது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பரிசோதிக்கவேண்டும்.

மின்சாரம் துண்டிக்கும் கட்-ஓஃப் சுவிச் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் இயங்கவேண்டும். பற்றரியை மட்டும் துண்டித்தால் போதாது. அல்டனேற்றர் எஞ்சினைத் தொடர்ந்து ஓடவைக்கும். சுவிச்சைத் தட்டியதும் எஞ்சின் நிற்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். வெளிச் சுவிச்சுக்கு அருகில் நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல் குறி ஒட்டவேண்டும். ஓடிவரும் மீட்பாளருக்கு அதுதான் வழிகாட்டி.

பழைய சாமானும் போலிச் சாமானும்

ஜப்பானிலிருந்து வெட்டி வந்த உதிரிப்பாகங்களோடு பக்கெற் சீற்றும் நான்கு புள்ளி பெல்ற்றும் நம்மூருக்கும் வருகின்றன. பெயர்போன நிறுவனத்தின் சீற் மலிவாகக் கிடைக்கும்போது கை நீளும். அடையாளச் சீட்டு கிழிந்திருந்தாலோ, வருடம் கடந்திருந்தாலோ, ஓட்டில் மயிர்போன்ற வெடிப்பு இருந்தாலோ விட்டுவிடுங்கள். இணையத்தில் விற்கும் பெல்ற்றுகளில் போலிச் சீட்டு ஒட்டியவை ஏராளம். எஃப்.ஐ.ஏ. தன் அங்கீகாரம் பெற்ற சாமான்களின் பட்டியலை இணையத்தளத்தில் பகிரங்கமாக வைத்திருக்கிறது. சீட்டில் உள்ள இலக்கத்தை அதில் தேடிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. பழையதாக வாங்கவே கூடாதவை ஹெல்மெற்றும் பெல்ற்றும். இரண்டுக்கும் உள்ளே நடந்த சேதம் வெளியே தெரியாது.

எதை வாங்கும் முன்பும், நீங்கள் ஓட விரும்பும் போட்டியின், விரும்பும் வகுப்பின் விதிமுறைத் தாளைக் கேட்டு எடுங்கள். நான் மேலே சொன்ன அளவுகள் எஃப்.ஐ.ஏ.யினுடையவை, உள்ளூர்ப் போட்டியில் பரிசோதகர் பார்ப்பது அந்தப் போட்டியின் தாளை. முடிந்தால் பைப் வெட்டும் முன் கேஜின் வரைபடத்தை அவரிடம் காட்டிக் கேளுங்கள். ஒட்டி முடித்துப் பெயின்ற் அடித்து, காரைப் பாரவூர்தியில் ஏற்றி அவ்வளவு தூரம் கொண்டுபோன பிறகு "இது செல்லாது" என்று கேட்பதை விட அது நல்லது.

காருக்கு வெளியே நிற்பவர்களும் இந்தக் கணக்கில் சேர்த்தி. 2024 ஏப்ரல் 21 அன்று பொக்ஸ் ஹில்லில் ஓடுபாதையை விட்டு விலகிய கார் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து 7 பேர் உயிரிழந்தார்கள். பார்வையாளரைத் தூர நிறுத்துவது ஏற்பாட்டாளரின் பொறுப்பு. ஆனால் அமத்திய அக்சிலறேற்றர் சிக்காமல் திரும்பிவர இரண்டு ஸ்பிறிங் போடுவதும், பிறேக் பைப்பையும் சக்கர நட்டுகளையும் ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் பார்ப்பதும் நம் பொறுப்பு. கூட வரும் நண்பர்களையும் அணையின் ஓரத்தில் நின்று படம் எடுக்கவிடாதீர்கள்.

எல்லாம் பூட்டி முடிந்ததும், போட்டிக்குப் போகும் முன், வீட்டு முற்றத்தில் ஒரு பயிற்சி செய்யுங்கள். முழு உடுப்போடும் ஹெல்மெற், ஹான்ஸ், கையுறையோடும் ஏறிப் பெல்ற்றை இறுக்குங்கள். நண்பர் ஒருவர் கைக்கடிகாரத்தோடு நிற்கட்டும். அவர் சொன்னதும் சுவிச்சைத் தட்டி, பெல்ற்றைக் கழற்றி, கதவால் வெளியே வாருங்கள். அடுத்த முறை கதவு திறக்காது என்று வைத்து ஜன்னலால் வாருங்கள். அதற்கடுத்து கண்ணை மூடிக்கொண்டு. எந்தப் பைப்பில் ஹான்ஸ் கொளுவுகிறது, கையுறையோடு கொளுவி திறக்கிறதா, சுவிச்சுக்குக் கை போகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். பிறகு அந்த நண்பரையும் ஒருமுறை உங்களை வெளியே எடுக்கப் பழக்குங்கள்: எந்தப் பக்கமாகக் கொளுவியைத் திருப்புவது, ஹெல்மெற்றைக் கழற்றாமல் கழுத்தை எப்படித் தாங்குவது, சுவிச் எங்கே. உங்கள் பெயரையும் இரத்த வகையையும் உடுப்பின் நெஞ்சுப் பக்கத்தில் எழுதுங்கள்.